சாந்து என்னும் சொல்லின் பூர்வீகம்

கடந்த ஆண்டு அக்டோபரில், செபமாலை மாதத்தை முன்னிட்டு, ஆசிரியைகள் இருவரும் மாணவியர் ஐவருமாக நாங்கள் கட்டுமாவடிக்குச் சென்றிருந்தோம். மீன் ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த மாலை நேரம். எங்களோடு வந்த மாணவி ஒருத்தியின் வீடு அங்கேதான் இருக்கிறது. அவளுடைய அப்பத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தலையில் கூடை சுமந்து ஊர் ஊராக மீன் விற்றே மக்களை வளர்த்தவர். இப்போது திண்ணையும் செபமாலையும்தான் அவருக்குத் துணை.

விளக்கேற்றியதும் செபம் தொடங்கிற்று. அப்பத்தா நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் கை வைத்துச் சிலுவை அடையாளம் வரைந்தார். நாம் ‘தூய ஆவி’ என்று சொல்லும் இடத்தில் அவர் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றார். மாணவியர் இருவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சாந்தா? சுவருக்குப் பூசுவதா, நெற்றிக்கு இடுவதா?” என்று ஒருத்தி காதோடு கேட்டது எங்களுக்கும் கேட்டது. அப்பத்தாவுக்குக் காது மந்தம். அவர் பாட்டுக்குச் செபித்துக்கொண்டிருந்தார். பேத்தியின் முகந்தான் சிறுத்துப் போயிற்று.

பேருந்துக்கு நிற்கையில் அவளே வந்து சொன்னாள்: “எங்க அப்பத்தாவுக்குப் படிப்பு இல்ல, மிஸ். தப்பாத்தான் சொல்லும். நானும் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்துட்டேன்.”

அப்பத்தா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சாந்து என்பது ஓர் இலத்தீன் அடைமொழி. அதன் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அது கட்டுமாவடித் திண்ணைக்கு எப்படி வந்தது, அதன் பொருள் யாது, இலத்தீன் இலக்கணத்தில் அது எவ்வாறு உருமாறும் என்பவற்றை அந்தப் பேத்திக்கும், சிரித்த இருவருக்கும், இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் வந்த வழியைப் பார்ப்போம். இலத்தீனில் ‘ஸ்பிரித்துஸ் சாங்க்துஸ்’ என்றால் தூய ஆவி. முதற்சொல் பெயர், இரண்டாவது அடைமொழி. ரோமருடைய இலத்தீன் நாளடைவில் நாட்டுக்கு நாடு திரிந்து இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் எனப் பல மொழிகளாயிற்று. போர்த்துக்கீசியர் வாயில் ‘சாங்க்துஸ்’ என்பது ‘சாந்து’ ஆயிற்று. எழுதும்போது ஈற்றில் ஓகாரம். பேசும்போது அது உகரமாகவே ஒலிக்கும். ‘ஸ்பிரித்துஸ்’ என்பதன் முன்னால் அவர்கள் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவே தமிழில் இகரமாகி ‘இஸ்பிரீத்து’ என நின்றது. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோதும், அவருக்குப் பின் அன்ரீக்கே அன்ரீக்கஸ் அடிகளார் அக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்தபோதும், செபங்கள் பரதவர் வீடுகளில் வாய்மொழியாகவே பரவின. குருசும் பாதிரியும் அவ்வழி வந்த சொற்களே. சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவையும் அதே கப்பலில் வந்திறங்கியவைதாம். அவற்றைச் சொல்லும்போது நாம் யாரும் சிரிப்பதில்லை!

நிற்க. ‘சாங்க்துஸ்’ என்பதன் பொருள் யாது? ‘புனிதமான’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அது முடிவில் வந்து சேர்ந்த பொருள். தொடக்கத்தில் அந்தச் சொல் செபத்தைப் பற்றியதாக இல்லை; வேலியைப் பற்றியதாக இருந்தது.

இலத்தீனில் ‘சாங்கீரே’ என்றொரு வினை உண்டு. ‘இதை மீறக்கூடாது என்று உறுதி செய்தல்’ என்பது அதன் பொருள். அவ்வினையிலிருந்து பிறந்த எச்சவடிவமே ‘சாங்க்துஸ்’. ‘மீறக்கூடாதென்று உறுதி செய்யப்பட்ட’, ‘தொடக்கூடாதென்று காக்கப்பட்ட’ என்று அதைத் தமிழாக்கலாம். நம் நாட்டு வழக்கில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘காப்பு’ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டியவர்க்கு மட்டுமன்றி ஊருக்கே சில கட்டுப்பாடுகள் வந்துவிடும் அல்லவா? கட்டியது ஒரு மஞ்சள் கயிறுதான். ஆனால் அதற்குள் இருப்பதைத் தொட ஒருவரும் துணியார். ரோமர் சொன்ன ‘சாங்க்துஸ்’ ஏறத்தாழ அப்படிப்பட்டது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்னும் ரோமச் சட்ட அறிஞர், மனிதருடைய உடைமையாகாத பொருள்களை வகைப்படுத்துகிறார். மேலுலகத் தெய்வங்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட கோயில் முதலியவை ‘சாக்ரே’ என்னும் வகை. இறந்தோரைப் புதைத்த இடம் ‘ரெலிகியோஸே’. மூன்றாவது வகையான ‘சாங்க்தே’ என்பதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, நகரத்தின் மதிலும் வாயிலும்! மதிலில் என்ன புனிதம் என்று கேட்கலாம். அதை ஏறிக் குதிப்பது கொலைத் தண்டனைக்குரிய குற்றம். புதிதாக எழுப்பிய மதிலைக் கேலியாகத் தாண்டிய ரேமுஸை அவன் உடன்பிறந்த ரோமுலுஸே கொன்றான் என்று ரோமாபுரியின் பழங்கதை சொல்லும். எல்லையைக் காக்கத் தண்டனை இருந்ததால் அது ‘சாங்க்துஸ்’. சட்டத்தின் முடிவில் ‘இதை மீறினால் இன்ன தண்டனை’ என்று எழுதப்படும் பகுதிக்கு ‘சாங்க்தியோ’ என்று பெயர்.

அந்தச் சாங்க்தியோவை நம் கடற்கரையில் அறியாதவர் இல்லை. “பணம் சாங்ஷன் ஆயிருச்சா?” என்று மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குக் காத்திருக்கும் வீடுகளில் கேட்கிறார்களே, அதே சொல்தான். ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் உறவு தெரியவில்லை. அப்பத்தாவின் ‘சாந்து’வும் மகனின் ‘சாங்ஷனு’ம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தடைக்காலமே நல்ல எடுத்துக்காட்டுத்தான். 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. மீன் குஞ்சு பொரிக்கும் பருவம் அது. அந்த 61 நாள் கடலைப் பழைய ரோமன் ஒருவன் பார்த்தால், தயங்காமல் ‘சாங்க்தும்’ என்று சொல்லியிருப்பான்.

வனவிலங்குச் சரணாலயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சாங்க்சுவரி’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. நமக்கு வடக்கே கோடியக்கரையில் 1967-இல் அமைந்த சரணாலயம் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கட்டுமாவடியின் முன்னே கிடக்கும் கடல் அதற்குள் அடங்கும். கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி. அதற்கென்று கடலில் மதில் எழுப்ப முடியாது. சொல்லால்தான் எல்லை போட முடியும். சட்டத்தில் அதன் பெயர் வேறாயினும், ‘சாங்க்துஸ்’ என்பதன் முதற்பொருள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது என்று காட்டவே இதைச் சொன்னோம்.

‘சாங்க்துஸ்’ என்பதற்குச் ‘சாக்கெர்’ என்றோர் உடன்பிறப்பு உண்டு. தெய்வத்துக்கென்று ஒதுக்கப்பட்டது, ஆகையால் மனிதர் கை படலாகாதது என்பது அதன் பொருள். ஆனால் அதே சொல்லுக்குச் ‘சபிக்கப்பட்ட’ என்ற பொருளும் உண்டு! வகுப்பில் இதைச் சொன்னபோது, பக்கத்து ஊர் முஸ்லிம் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்களுக்கும் அப்படித்தான் மிஸ். மக்காவில் உள்ள பள்ளியை ஹரம் என்போம். செய்யக்கூடாததை ஹராம் என்போம்” என்றாள். இரண்டும் அரபியில் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். தொடலாகாதது என்ற ஓர் எண்ணமே ஒரு பக்கம் புனிதமாகவும், மறுபக்கம் விலக்காகவும் கிளைக்கிறது போலும்.

எபிரேய மொழியிலும் கிரேக்க மொழியிலும் எழுதப்பட்ட திருமறையை இலத்தீனாக்கியவர்கள், இறைவனுடைய தூய்மையைக் குறிக்கச் ‘சாக்கெர்’ என்பதை விடுத்துச் ‘சாங்க்துஸ்’ என்பதையே பெரிதும் எடுத்தாண்டார்கள். மதிலுக்கு இருந்த அடைமொழி அங்கே இறைவனுக்கு ஏறியது. புனித பவுல் அடிகளாரின் கடிதங்களில் அது சாதாரண விசுவாசிகள் எல்லாரையும் குறிக்கும். பின்னரே, திருச்சபை பெயர் சொல்லி அறிவித்தவர்க்கு மட்டும் உரிய பட்டமாயிற்று.

இனி இலக்கணத்துக்கு வருவோம். மாணவியர் பலருக்கு இப்பகுதி கசக்கும் என்பதை அறிவோம். ஆயினும் சிரிப்புக்கு முழு விடை இங்கேதான் இருக்கிறது.

தமிழில் பெயரடை அசையாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு, நல்ல பெண்கள், நல்ல பெண்களுக்கு. பெயர் என்ன வேடம் போட்டாலும் ‘நல்ல’ நல்லவாகவே நிற்கும். இலத்தீனில் அப்படி இல்லை. அடைமொழி தான் தழுவும் பெயரைப் பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றிலும் பின்பற்றியே தீர வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தங்கை, அக்காள் திரும்பும் பக்கமெல்லாம் திரும்புவது போல. நமக்கு இது முற்றும் புதிதும் அன்று. நல்லவன், நல்லவள், நல்லது, நல்லவர்கள், நல்லவை என்று ஆக்கி, நல்லவனை, நல்லவளுக்கு, நல்லவர்களுடைய என வேற்றுமை ஏற்றிப் பாருங்கள். இலத்தீன் அடைமொழி ஒவ்வொரு முறையும் செய்வது இதைத்தான். ‘நல்லவளுக்கு மரியாளுக்கு’ என்று இரு சொல்லும் உருபேற்று நிற்பதாக வைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

தமிழ்க்குப் பால் ஐந்து, வேற்றுமை எட்டு. இலத்தீனில் ஆண், பெண், பொது என்று பால் மூன்று; விளியோடு சேர்த்து வழக்கமான வேற்றுமை ஆறு. நம்முடைய ‘ஆல்’, ‘இன்’, ‘கண்’ ஆகிய மூன்றின் வேலையையும் ஒரே வேற்றுமை அங்கே செய்துவிடுகிறது. அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் ‘சாங்க்துஸ், சாங்க்தா, சாங்க்தும்’ என்று மூன்று எழுவாய் வடிவங்களைத் தந்திருப்பார்கள். முறையே ஆண்பால், பெண்பால், பொதுப்பால். இவ்வரிசையிலேயே கீழே தருகிறோம்.

ஒருமை:
எழுவாய் – சாங்க்துஸ், சாங்க்தா, சாங்க்தும்
விளி – சாங்க்தெ, சாங்க்தா, சாங்க்தும்
ஐ – சாங்க்தும், சாங்க்தம், சாங்க்தும்
உடைய – சாங்க்தீ, சாங்க்தே, சாங்க்தீ
கு – சாங்க்தோ, சாங்க்தே, சாங்க்தோ
ஆல், இன், கண் – சாங்க்தோ, சாங்க்தா, சாங்க்தோ

பன்மை:
எழுவாயும் விளியும் – சாங்க்தீ, சாங்க்தே, சாங்க்தா
ஐ – சாங்க்தோஸ், சாங்க்தாஸ், சாங்க்தா
உடைய – சாங்க்தோரும், சாங்க்தாரும், சாங்க்தோரும்
கு, ஆல், இன், கண் – முப்பாலுக்கும் சாங்க்தீஸ்

எண்ணிப் பார்த்தால் இடங்கள் 36, இலத்தீன் எழுத்தில் எழுதினால் வேறுபட்ட வடிவங்கள் 13. ஒரே உடுப்பைப் பலர் மாற்றி மாற்றி உடுத்துகிறார்கள். ஒரு சிறு குறிப்பு: பெண்பால் எழுவாயில் பழைய ரோமர் ஈற்று அகரத்தைக் குறிலாகவும், ‘ஆல்’ வேற்றுமையில் நெடிலாகவும் ஒலித்தனர். இலத்தீன் எழுத்தில் இவ்வேறுபாடு தெரியாது. குறில் நெடில் உடைய நம் எழுத்தில் அழகாகக் காட்டலாம். எனினும் கோவில் வழக்கில் எல்லாரும் நீட்டியே பழகிவிட்டதால் நாமும் ‘சாங்க்தா’ என்றே எழுதினோம்.

இப்போது இதைச் செபங்களில் வைத்துப் பார்ப்போம். மரியன்னையை அழைக்கும்போது ‘சாங்க்தா மரியா’. அன்னை பெண்பால், ஆகவே ஆகார ஈறு. மிக்கேல் சம்மனசை மன்றாட்டு மாலையில் விளிக்கும்போது ‘சாங்க்தெ மிக்கேல்’. நம்மூர் மணப்பெண்ணைக் ‘கண்ணே’ என்று விளிப்பது போன்ற ஈறு இது. சிலுவை அடையாளத்தில் ‘ஆவியினுடைய’ பெயரால் என்று பொருள் வருவதால், ‘ஸ்பிரித்துஸ் சாங்க்தீ’. திரித்துவப் புகழில் ‘ஆவிக்கு’ மகிமை. ஆகவே ‘ஸ்பிரித்துயி சாங்க்தோ’. விசுவாசப் பிரமாணத்தில் ஆவியை விசுவசிக்கிறோம், ‘ஸ்பிரித்தும் சாங்க்தும்’.

இங்கே ஒரு நயம். ‘ஸ்பிரித்துஸ்’ என்ற பெயர் வேறு வாய்பாட்டைச் சேர்ந்தது. ‘ஆவி’ என்றாலும் ‘ஆவியினுடைய’ என்றாலும் அதற்கு எழுத்தில் ஒரே வடிவம். பெயரை மட்டும் பார்த்தால் வேற்றுமை தெரியாது. அடைமொழி ‘சாங்க்துஸ்’ என்றிருந்தால் எழுவாய், ‘சாங்க்தீ’ என்றிருந்தால் உடைமை. அக்காள் எங்கே போகிறாள் என்பதைத் தங்கையைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது!

இலத்தீன் திரிந்து போர்த்துக்கீசியம் ஆனபோது இவ்வேற்றுமைகள் எல்லாம் உதிர்ந்து, ஆண் பெண், ஒருமை பன்மை என்ற வேறுபாடுகளே எஞ்சின. தமிழ்ச் செபத்துக்கு அவற்றில் ஆண்பால் ஒருமை ஒன்று மட்டும் வந்தது. அது சரியான தேர்வு. இலத்தீனில் ஆவி ஆண்பாற் சொல். வேற்றுமைப் பொருளைத் தமிழ் தன் கைப்பொருளான ‘நாமத்தினாலே’ என்பதைச் சேர்த்து ஈடுகட்டிக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வாய்க்கு வாய் கொடுத்து வந்ததில், நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பால் பிசகவில்லை, எண் பிசகவில்லை.

நம் பக்கத்துப் பெயர்கள் பலவற்றுக்குள்ளும் இச்சொல் ஒளிந்திருக்கிறது. ‘சந்தியாகு’ என்ற பெயரை அறியாதார் யார்? யாகப்பரின் இலத்தீன் பெயர் ‘யாக்கோபுஸ்’. ‘சாங்க்துஸ் யாக்கோபுஸ்’ என்பது ஸ்பானிய, போர்த்துக்கீசிய நாடுகளில் தேய்ந்து ‘சாந்தியாகோ’ ஆகி, இங்கே சந்தியாகு ஆயிற்று. இராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்துக்கு அருகே வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘புனித புனித யாகப்பர்’ என்று வரும். அதனால் குறையில்லை, மரியாதைதான் இரட்டிக்கிறது. சென்னைச் சாந்தோமும் இவ்வகையே. தோமையாரின் போர்த்துக்கீசியப் பெயரோடு தேய்ந்த ‘சாங்க்துஸ்’ ஒட்டிய ஊர்ப்பெயர் அது. மும்பையில் சாந்தாகுரூஸ் என்றொரு பகுதி உண்டு. குருசுக்கு ஏன் பெண்பால் ‘சாந்தா’ என்றால், இலத்தீனில் சிலுவை பெண்பாற் சொல் ஆதலால். அப்படியானால் சாண்டா கிளாஸ் மட்டும் பெண்பாலா என்று எட்டாம் வகுப்பில் ஒரு குறும்புக்காரி கேட்டாள். இல்லை. அது டச்சு மொழியின் ‘சிந்தர்கிளாஸ்’ என்ற பெயர் அமெரிக்காவில் திரிந்தது. புனித நிக்கோலாஸ் என்று பொருள். அதிலுள்ள ஆகாரம் வாய் தவறி வந்த ஆகாரம்.

பொதுப்பால் வடிவத்தைத் தேடினால் ஆவுடையார்கோவிலுக்குப் போகலாம். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் கருவறையைச் ‘சாங்க்தும்’ என்றும் ‘சாங்க்தும் சாங்க்தோரும்’ என்றும் எழுதுவது வழக்கம். ‘புனிதமானவற்றுள் புனிதமானது’ என்று பொருள். முதற்சொல் எழுவாய் ஒருமை, அடுத்தது ‘உடைய’ வேற்றுமைப் பன்மை. எருசலேம் ஆலயத்தின் உள்ளறைக்கு எபிரேயர் இட்ட பெயரை இலத்தீனார் அப்படியே மொழிபெயர்த்தது இது. ஆவுடையார்கோவில் கருவறையில் இலிங்க உரு இல்லை, ஆவுடை மட்டுமே உண்டு என்பதை மாணவியர் அறிவீர்கள். எருசலேம் ஆலயத்தின் உள்ளறையிலும் இறைவனுக்கு உருவம் வைக்கப்படவில்லை. ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தி வருவதை எண்ணி வியந்தோம்.

‘சாங்க்தோரும்’ என்பதைத் தமிழ் அச்சின் வரலாற்றிலும் காணலாம். மேலே கூறிய அன்ரீக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அவரே எழுதிய பெரிய நூல் 1586-இல் வெளிவந்தது. புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் கூறும் அந்நூலின் பெயர் ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’. ‘புனிதர்களுடைய மலர்’ என்பது பொருள். அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. நம் பள்ளி மலரைப் போல அதுவும் ஒரு மலரே என்று சொன்னால், ஆண்டு மலர்க் குழுவினர் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம். தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதிய வீரமாமுனிவரின் நூலோ 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நாம் இன்று இலத்தீனைத் தமிழ் வழியே விளக்கப் படும் பாட்டை, அவர் தமிழை இலத்தீன் வழியே விளக்கப் பட்டார்.

ஒலி ஒத்திருப்பதைக் கண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது. சாந்தா, சாந்தி என்ற பெயருடைய மாணவியர் எங்களிடம் ஆவலோடு வந்தார்கள். அவை ‘அமைதி’ என்னும் வடசொல்லின் வழி வந்தவை. வடநாட்டார் துறவியரைச் ‘சந்த்’ என்பது ‘உள்ளது, மெய்யானது’ என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. ‘செயின்ட்’ என்ற ஆங்கிலச் சொல் சாங்க்துஸின் பிள்ளை. அதற்கும் ‘சந்த்’ என்பதற்கும் உறவு கிடையாது. சுவருக்குப் பூசும் சாந்தும் வேறு.

தமிழர் இதை மொழிபெயர்க்காமலும் இல்லை. முன்னாளில் ‘அர்ச்சியசிஷ்ட’ என்று எழுதினார்கள். போற்றுதற்குரிய நல்லோர் என்ற கருத்து. பழைய கோவில் கல்வெட்டுகளிலும் செபப் புத்தகங்களிலும் ‘அர்ச்.’ என்ற சுருக்கத்தை இன்றும் பார்க்கலாம். பின்னர் ‘பரிசுத்த’, ‘புனித’, ‘தூய’ என்பவை வந்தன. இவற்றில் ‘புனிதம்’ என்பது தூய்மையாக்கப்பட்டது என்னும் கருத்துடைய வடசொல். இலத்தீனார் வேலி போட்டுக் காத்ததை எண்ணினார்கள். நம்மவர் கழுவித் துலக்கியதை எண்ணினார்கள். எந்த மொழிபெயர்ப்பும் அந்த மதிலைத் தமிழுக்குக் கொண்டுவரவில்லை.

பூசையில் இலத்தீன் ஒலித்த காலம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு மாறியது. அவரவர் தாய்மொழிக்குக் கதவைத் திறந்த ஏடு 1963 டிசம்பர் 4-இல் வெளியாயிற்று. அதன் பெயர் ‘சாக்ரோசாங்க்தும் கொன்சீலியும்’. சங்கத்தைக் குறிக்கும் ‘கொன்சீலியும்’ பொதுப்பால், ஆகவே ‘சாங்க்தும்’. சாக்கெர், சாங்க்துஸ் ஆகிய உடன்பிறப்புகள் இரண்டும் சேர்ந்து நின்றே இலத்தீனைப் பீடத்திலிருந்து வழியனுப்பி வைத்தன.

ஒருவரைச் ‘சாங்க்துஸ்’ என்று அறிவிப்பதற்கு முன் ‘பெயாத்துஸ்’ என்று அறிவிப்பார்கள். ‘பேறு பெற்றவர்’ என்று பொருள்படும் இன்னோர் அடைமொழி அது. உருமாறுவதும் அதே வாய்பாட்டில்தான். கட்டுமாவடியிலிருந்து தெற்கே, கடற்கரைச் சாலையில் மீமிசலைக் கடந்து உள்ளே திரும்பினால் ஓரியூர். அங்கே 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் உயிர்நீத்த அருளானந்தர் 1853-இல் பெயாத்துஸ் ஆனார்; 1947 ஜூன் 22-இல் சாங்க்துஸ் ஆனார். ஓர் அடைமொழி மாறத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள். நம் காலத்தில் குமரி மண்ணின் தேவசகாயம் 2012-இல் பெயாத்துஸ் ஆகி, 2022 மே 15-இல் சாங்க்துஸ் ஆனதை நீங்களே கண்டீர்கள். கேரளத்து அல்போன்சாளும் கல்கத்தாத் தெரசாளும் பெண்கள் ஆகையால் பெயாத்தா, சாங்க்தா. 2008-லும் 2016-லும் அவர்களுக்கு அந்த ஆகார ஈறு கிடைத்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் அந்த மாணவி நோட்டுப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தாள். மேலே கண்ட வாய்பாட்டை எழுதிக்கொண்டு போய் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். சந்தையில் விலை கேட்பவர் போல அவர் ஒவ்வொன்றாகக் கேட்டாராம். ‘மாதாவுக்கு என்ன வரும்? சந்தியாகப்பருக்கு என்ன வரும்? எல்லாரையும் சேர்த்துச் சொன்னா?’ பிறகு, “ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு, கூப்பிட ஒண்ணு, குடுக்க ஒண்ணு. இம்புட்டையுமா அந்தக் காலத்துல மனப்பாடம் பண்ணுனாக? எங்க அப்பத்தா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு” என்றாராம்.

அன்று இரவு செபத்தில் பேத்தி ‘தூய ஆவி’ என்றாள். அப்பத்தா ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றார். சிரித்த இருவரில் ஒருத்தி அடுத்த அக்டோபரில் தன்னையும் கட்டுமாவடிக்கு அழைத்துப் போகும்படி இப்போதே கேட்டிருக்கிறாள்.